சாக்ஸ் பின்னுதல்: எங்கே சுகம், எங்கே சிக்கல்

கையால் பின்னும் உடைகளில் அளவில் சிறியது சாக்ஸ். ஆனால் பின்னல் கலையின் முக்கியமான நுட்பங்களில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கிவிடுகின்றன. காலைச் சுற்றி வரும் குழாய், குதிகாலில் திசை மாறும் வளைவு, விரல்களை மூடும் முனை ஆகிய மூன்றும் வெட்டும் தையலும் இல்லாமல் ஒரே நூலோட்டத்தில் உருவாகின்றன. ஸ்வெட்டர் பின்னுகிறவர் பாதி வேலைக்குப் பிறகு மடி நிறையக் கம்பளியைச் சுமந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும். சாக்ஸுக்கு 100 கிராம் நூலும் ஒரு செட் ஊசியும் போதும். கைப்பைக்குள் அடங்கும், ரயிலிலும் மருத்துவமனை வரிசையிலும் எடுத்துப் பின்னலாம். இந்தச் சிறிய உருவம்தான் ஆளை இழுக்கிறது. தொல்லைகளும் அதிலிருந்தே வருகின்றன. நூல் மெல்லியது, ஊசி மெல்லியது, கண்ணிகள் ஆயிரக்கணக்கில்.

எத்தனை ஆயிரம் என்பதைத் தொடங்கும் முன்பே அறிந்துகொள்வது நல்லது. நடுத்தர அளவுள்ள காலுக்கு ஒரு சுற்றில் 64 கண்ணிகள் வரும். கணுக்காலுக்கு மேலே 15 சென்டிமீட்டர் உயரம் வைத்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 66 சுற்றுகள், அதாவது 4,200 கண்ணிகள். குதிகாலுக்கு ஆயிரத்துச் சொச்சம், பாதத்துக்கு 5,000, முனைக்கு 800 என்று கூட்டினால் ஒரு காலுக்கு 11,000 கண்ணிகள், ஜோடிக்கு 22,000. நிமிடத்துக்கு 25 கண்ணி போடும் பழகிய கைக்கு இது 15 மணி நேர வேலை. புதியவருக்கு இருமடங்கு ஆகும். தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறவர் முதல் ஜோடியை முடிக்க ஒன்றரை மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு இறங்கினால் ஏமாற்றம் இருக்காது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்குகிறவர்களே பெரும்பாலும் பாதியில் விடுகிறார்கள்.

சிக்கனம் கருதி இந்தப் பொழுதுபோக்கில் இறங்குவதும் சரியல்ல. நல்ல சாக்ஸ் நூல் ஒரு கண்டின் விலையில் கடையில் பல ஜோடி சாக்ஸ் வாங்கிவிடலாம். இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை 1589இல் உருவாக்கினார்; இன்று விலையில் கைப்பின்னல் இயந்திரத்தோடு போட்டி போட முடியாத நிலைதான். இருந்தும் கைப்பின்னல் அழியாமல் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. ஒருவரின் பாதத்தை அளந்து அந்தப் பாதத்துக்கென்றே பின்னியது காலில் உட்காரும் விதம் தனி. அகலப் பாதம், உயர்ந்த மேற்பாதம், மெலிந்த கணுக்கால் உள்ளவர்களுக்குக் கடைச் சரக்கு எப்போதும் எங்காவது இறுக்கும், எங்காவது நழுவும். கைப்பின்னலின் உண்மையான லாபம் இந்தப் பொருத்தம்தான். இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் எல்லாக் கணக்குகளும் அதற்காகவே.

நூலும் ஊசியும்

சாக்ஸுக்கென்று விற்கப்படும் நூலில் பெரும்பாலும் 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் இருக்கும். 100 கிராம் கண்டு 400 முதல் 420 மீட்டர் நீளம் வரும். கம்பளி வெப்பத்தைக் காக்கும், ஈரத்தை உறிஞ்சும், இழுத்தால் நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். நைலான் தேய்மானத்தைத் தாங்கும். முழு மெரினோ கம்பளி கையில் எடுத்தவுடன் வாங்கத் தூண்டும் அளவுக்கு மிருதுவானது. ஆனால் நைலான் கலக்காத மிருதுவான மெரினோ குதிகாலில் சீக்கிரமே ஓட்டை விழும். கடையில் நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பதைவிட அதன் முறுக்கை உற்றுப் பார்ப்பது பயன் தரும்: மூன்று அல்லது நான்கு புரிகளாக இறுக்கி முறுக்கிய நூல் நீடிக்கும், ஒரே புரியாகத் தளர்வாக இருப்பது நீடிக்காது.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கிடைப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். பழகுவதற்கு அது தாராளமாகப் போதும்; பிரித்துப் பிரித்துப் பின்னினாலும் தாங்கும். அணிவதற்கு அவ்வளவு ஏற்றதல்ல. அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது, கால் வியர்த்துப் பிசுபிசுக்கும். பருத்தி நூல் வெயில் ஊருக்கு உகந்ததாகத் தோன்றும். ஆனால் தனிப் பருத்திக்கு மீளும் தன்மை மிகக் குறைவு. காலையில் கச்சிதமாக இருந்த சாக்ஸ் மாலைக்குள் கணுக்காலில் சரிந்து கிடக்கும். பருத்தியோடு நைலானோ எலாஸ்டிக் இழையோ கலந்த நூலைத் தேடுவதே நல்லது. கம்பளி சாக்ஸ் நம் சமவெளியில் ஆண்டில் சில வாரங்கள்கூட உதவாது. உதகை, கொடைக்கானல் வாசிகளுக்கும், குளிர்நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பின்னி அனுப்புவதற்கே அது பொருந்தும்.

இந்தியாவில் சாக்ஸ் பின்னல் வேரூன்றியதும் குளிர் மலைகளில்தான். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் 19ஆம் நூற்றாண்டில் கேலாங்கில் தங்கியிருந்த மொரேவியன் மிஷனரி குடும்பத்தைச் சேர்ந்த மரியா ஹைடே உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். அவர்கள் அதைத் தங்கள் வண்ணங்களாலும் வடிவங்களாலும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். லாஹௌலின் கைப்பின்னல் சாக்ஸும் கையுறையும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன.

ஊசியைப் பொறுத்தவரை 2.25 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன் வழக்கமானது. இரு முனையும் கூரான குட்டை ஊசிகள் ஐந்து கொண்ட செட் பழைய முறை: நான்கில் கண்ணிகள் இருக்கும், ஐந்தாவதால் பின்ன வேண்டும். நீளக் கம்பி கொண்ட வட்ட ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு, கம்பியை இடையில் இழுத்து வளையமாக்கிப் பின்னுவது மாஜிக் லூப் எனப்படும் முறை. எது சிறந்தது என்பதில் பின்னுகிறவர்களுக்குள் ஓயாத வாதம் உண்டு. விளையும் துணி ஒன்றுதான். ஊசி உருவி விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்களுக்கு மாஜிக் லூப் நிம்மதி தரும். ஸ்டீல் ஊசியில் கண்ணி வேகமாக வழுக்கும் என்பதால் பழகாத கைக்கு மூங்கில் ஊசி பாதுகாப்பானது. ஆனால் இந்த மெல்லிய அளவில் மூங்கில் எளிதில் முறியும். உட்காரும் நாற்காலியில் ஊசியை வைக்காமல் இருப்பது முதல் பாடம்.

அளவு எடுத்தல்

சாக்ஸ் காலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். இழுபட்டு உட்கார்ந்தால்தான் நழுவாது, சுருக்கம் விழாது. பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது பொது விதி. சுற்றளவு 22 சென்டிமீட்டர் என்றால் சாக்ஸின் சுற்றளவு ஏறத்தாழ 20. மாதிரித் துணியில் 10 சென்டிமீட்டருக்கு 32 கண்ணிகள் வருகின்றன என்றால், 20 சென்டிமீட்டருக்கு 64. இந்த எண்ணை நான்கால் வகுபடும்படி சரிசெய்துகொண்டால் பின்னால் வரும் பங்கீடுகள் எளிதாகும்.

மாதிரித் துணி பின்னாமல் தாவுவதே அளவு தவறுவதற்கு முதல் காரணம். அந்த மாதிரியையும் வட்டமாகவே பின்ன வேண்டும். தட்டையாகப் பின்னும்போது ஒரு வரிசை நிட் (நேர்ப்பின்னல்), அடுத்தது பர்ல் (எதிர்ப்பின்னல்) என்று மாறி மாறி வரும். பெரும்பாலானவர்களின் பர்ல் கண்ணி நிட்டைவிடத் தளர்வாக இருக்கும். வட்டப் பின்னலில் எல்லாச் சுற்றும் நிட் என்பதால் துணி இறுகிவிடும். மாதிரியைக் கழுவிக் காயவைத்த பிறகே அளக்க வேண்டும். மெஷினில் துவைப்பதற்கென்று பதப்படுத்தப்பட்ட சூப்பர்வாஷ் கம்பளி நனைந்ததும் நன்றாக நெகிழ்ந்து நீளும்.

வாய்ப்பகுதியும் கணைக்காலும்

மேலிருந்து கீழாகப் பின்னுவது, விரலிலிருந்து மேலாகப் பின்னுவது என்று இரு வழிகள் உண்டு. பின்னதில் நூல் தீரும்வரை கணைக்காலை நீட்டிக்கொண்டே போகலாம், பின்னிக்கொண்டிருக்கும்போதே காலில் போட்டுப் பார்க்கலாம். ஜூடி பெக்கர் 2006இல் வெளியிட்ட கண்ணியேற்றும் முறைக்குப் பின் அது வெகுவாக எளிதாயிற்று. எனினும் புதியவர் மேலிருந்து தொடங்குவதே நல்லது. எளிய பகுதி முதலில் வரும், கை பழகிய பிறகே குதிகால் வந்து சேரும்.

கண்ணி ஏற்றும்போது இறுக்கிவிடுவது எல்லோருக்கும் நேரும் பிழை. குதிகால் நுழையாத அளவுக்கு வாய் குறுகிவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் ஏற்றிவிட்டு ஒன்றை உருவிவிடலாம். அல்லது ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே சற்று இடைவெளி விடலாம். இடைவெளியே நீளும் தன்மையைத் தருகிறது. வட்டமாக இணைக்கும் முன், ஏற்றிய விளிம்பு முழுவதும் உள்நோக்கி இருக்கிறதா, எங்காவது ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முறுக்கோடு இணைத்துவிட்டால் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பிறகு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்ற ரிப் நான்கு, ஐந்து சென்டிமீட்டர் வந்தால் வாய்ப்பகுதி முடிந்தது.

அதற்குப் பின் வரும் கணைக்கால்தான் இந்தப் பொழுதுபோக்கின் இனிமையான பகுதி. சுற்றிச் சுற்றி நிட் மட்டும். கணக்கு வைக்க வேண்டியதில்லை, பேசிக்கொண்டே பின்னலாம். தானே பட்டைகளாக நிறம் மாறும் நூலாக இருந்தால், அடுத்த நிறம் வரும்வரை இன்னும் ஒரு சுற்று என்று கை நிற்காது. இங்கே வரும் ஒரே தொல்லை ஏணி. ஓர் ஊசியின் கடைசிக் கண்ணிக்கும் அடுத்த ஊசியின் முதல் கண்ணிக்கும் நடுவே நூல் தளர்ந்து, கணைக்கால் நெடுகப் படிப்படியாக இடைவெளிக் கோடு விழும். முதல் கண்ணியைப் பலமாக இழுத்து இறுக்குவதே இயல்பாகத் தோன்றும் மருந்து, அது பயன்படாது. இரண்டாவது கண்ணியையும் பின்னிய பிறகு இழுக்க வேண்டும். அப்போதுதான் நூல் பிடிமானத்தோடு இறுகும். அதுவும் போதாவிட்டால் ஒவ்வொரு சில சுற்றுக்கும் ஊசி மாறும் இடத்தை இரண்டு கண்ணி நகர்த்திக்கொண்டே போனால் கோடு விழ இடமே இருக்காது. சிறிய ஏணிகள் முதல் துவைப்பிலேயே மறைந்துவிடும். அவற்றுக்காகப் பிரிக்க வேண்டாம்.

குதிகால்

பலரும் அஞ்சுவது இந்தப் பகுதியைத்தான். சொல்லும்போது சிக்கலாகவும் ஊசியில் செய்யும்போது எளிதாகவும் இருப்பது இதன் இயல்பு. குதிகால் பின்ன வேறு முறைகள் பல உண்டு. மடல் முறையை முதலில் கற்பதே நல்லது. அதன் நீளத்தைக் கூட்டிக் குறைத்து எந்தப் பாதத்துக்கும் பொருத்தலாம், தேய்மானத்தையும் நன்றாகத் தாங்கும்.

64 கண்ணிகளில் பாதி, அதாவது 32, மேற்பாதத்துக்காகச் சும்மா காத்திருக்கும். மற்ற 32 கண்ணிகளில் மட்டும் முன்னும் பின்னுமாகத் தட்டையாக 32 வரிசைகள் பின்ன வேண்டும். இதுவே மடல். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டால் ஓரத்தில் 16 பெரிய சங்கிலிக் கண்ணிகள் கிடைக்கும். அவை பின்னால் வேண்டும். நிட் வரிசைகளில் ஒரு கண்ணி நழுவவிட்டு ஒன்று பின்னினால் மடல் இரட்டைத் தடிப்பாகும். செருப்பிலும் ஷூவிலும் உரசும் இடம் என்பதால் இந்தத் தடிப்பைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது திருப்பம். 18 கண்ணிகள் நிட் போட்டு, அடுத்த இரண்டை இடப்பக்கம் சாயும் குறைப்பாக ஒன்றாக்கி, இன்னொன்று நிட் போட்டு, வரிசையை முடிக்காமலே திருப்ப வேண்டும். திரும்பி வரும்போது முதல் கண்ணியை நழுவவிட்டு, ஐந்து பர்ல், அடுத்த இரண்டையும் சேர்த்து ஒரு பர்ல், பிறகு ஒரு பர்ல், மீண்டும் திருப்பம். இதற்குள் இரு பக்கமும் சிறிய இடைவெளி தெரியும். இனி எண்ணவே தேவையில்லை: ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியை நழுவவிட்டு, இடைவெளிக்கு ஒரு கண்ணி முன்வரை பின்னி, இடைவெளியின் இரு புறமுள்ள கண்ணிகளை ஒன்றாக்கி, ஒன்று கூடுதலாகப் பின்னித் திருப்பிக்கொண்டே போகலாம். கடைசி இரண்டு வரிசைகளில் அந்தக் கூடுதல் கண்ணி மிஞ்சாது. முடிவில் 18 கண்ணிகள் இருக்கும், தட்டையாக இருந்த மடல் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். தட்டைத் துணி கையிலேயே வளைந்து உருவம் பெறும் இந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்ப சாக்ஸ் பின்னுகிறவர்கள் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர்ந்தால் எங்கே விட்டோம் என்பது குழம்பும். திருப்பத்தை ஒரே அமர்வில் முடிப்பது நல்லது.

இப்போது மடலின் ஓரச் சங்கிலிகளில் ஒவ்வொரு பக்கமும் 16 கண்ணிகளை எடுக்க வேண்டும். மடலும் மேற்பாதமும் சந்திக்கும் மூலையில் ஓட்டை விழுவது வாடிக்கை. அங்கே கூடுதலாக ஒரு கண்ணி எடுத்து, அதை முறுக்கிப் பின்னினால் ஓட்டை அடைபடும். 18, இரு பக்கமும் 17, மேற்பாதத்தின் 32 என்று மொத்தம் 84. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி குறைத்து வந்தால் 20 சுற்றுகளில் மீண்டும் 64 ஆகும். இந்த முக்கோணப் பகுதிதான் கஸெட். மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கு மடலை நாலைந்து வரிசை நீட்டினால் கஸெட்டும் தானே பெரிதாகும். கடை சாக்ஸில் கிடைக்காத சௌகரியம் இது.

பாதமும் முனையும்

பாதத்தின் நீளம் குதிகால் முதல் பெருவிரல் நுனிவரை அளந்ததைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கலாம். முனைக்கு நாலரை, ஐந்து சென்டிமீட்டர் மிச்சம் வைத்து நிறுத்த வேண்டும். முனையில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகள் வீதம் 64இலிருந்து 32 வரை குறைத்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் குறைத்தால் 16 மிஞ்சும். எட்டையும் எட்டையும் எதிரெதிராக வைத்து ஊசிநூலால் கண்ணிகளைப் போலவே இணைப்பதற்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனரின் பெயர் அது. பதுங்குகுழிச் சேற்றில் ஊறிய கால்களுக்காகப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீடுதோறும் சாக்ஸ் பின்னிய காலம் அது. விரலில் உரசும் தழும்பான தையல் நடக்கும் காலைப் புண்ணாக்கும் என்பதால் தையலற்ற முனை அவசியமாயிற்று. வீட்டில் பின்னுகிறவர் இதைச் சத்தமில்லாத அறையில், இடையில் நிறுத்தாமல் செய்ய வேண்டும். பயமாக இருந்தால் எட்டுக் கண்ணிகள்வரை குறைத்து, நூலை அவற்றுக்குள் கோத்துச் சுருக்கிக் கட்டிவிடலாம். அழகு சற்றுக் குறையும், கால் அதைப் பொருட்படுத்தாது.

இரண்டாவது சாக்ஸ்

ஒன்றை முடித்ததும் ஆர்வம் வடிந்து, அதன் ஜோடி பிறக்காமலே போவது உலகெங்கும் பின்னுகிறவர்கள் அறிந்த நோய். புதிர் அவிழ்ந்துவிட்டது, உழைப்பு மட்டும் அப்படியே மிச்சம். முதல் சாக்ஸின் முனையை மூடிய அன்றே அடுத்ததற்குக் கண்ணி ஏற்றி, ரிப்பில் இரண்டு சுற்றாவது பின்னிவிடுவது பலருக்கும் உதவும் வழி. இரண்டு செட் ஊசி வைத்துக்கொண்டு பகுதி பகுதியாக இரண்டையும் சேர்த்து முன்னேற்றலாம். குதிகால் பாடம் மறப்பதற்குள் இரண்டாவது குதிகாலும் முடிந்துவிடும். நீள வட்ட ஊசி ஒன்றிலேயே இரண்டையும் ஒன்றாகப் பின்னும் வழியும் உண்டு, ஆனால் முதல் ஜோடிக்கு அது வேண்டாம். இரண்டு கண்டு நூலும் சிக்கிக்கொள்ளும்.

தாமதித்துப் பின்னினால் இன்னொரு தொல்லை: கையின் இறுக்கம் மாறியிருக்கும், ஒன்று மற்றதைவிட அரை அங்குலம் நீண்டுவிடும். சென்டிமீட்டரை நம்பாமல் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறித்துவைத்து அதே எண்ணிக்கையில் பின்ன வேண்டும். மடல் எத்தனை வரிசை, பாதம் எத்தனை சுற்று, எந்த ஊசி ஆகியவற்றை நூல்கண்டின் சீட்டுக்குப் பின்னாலேயே எழுதிவிடலாம். பட்டை நூலில் இரண்டும் ஒத்துவர வேண்டுமானால் முதலாவது எந்த நிறத்தில் தொடங்கியதோ அந்த இடம்வரை நூலை விலக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.

கையும் கண்ணும்

மெல்லிய ஊசியை இறுக்கிப் பிடிப்பதால் கட்டைவிரல் அடியிலும் மணிக்கட்டிலும் வலி வரலாம். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மடக்க வேண்டும். மரத்துப்போதல் இருந்தால் சில நாள் நிறுத்திவிட வேண்டும். அப்போதும் தணியாவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதே சரி. கறுப்பு, கருநீல நூலை இரவில் எடுக்க வேண்டாம். மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டால் கருநூலின் கண்ணிகள் தெளிவாகத் தெரியும். கோடையில் வியர்வைக் கையில் கம்பளி ஒட்டும். அதிகாலையே அதற்கு ஏற்ற நேரம்.

தேய்மானமும் பராமரிப்பும்

பதப்படுத்தாத கம்பளி, வெந்நீரும் அலசலும் சேர்ந்தால் சுருங்கிக் கெட்டித் துணியாகிவிடும்; திரும்ப விரிக்க முடியாது. பரிசாகக் கொடுக்கும்போது துவைக்கும் விதத்தைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சூப்பர்வாஷ் நூலானாலும் குளிர்ந்த நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் இரண்டு மடங்கு நாள் உழைக்கிறது என்றே பின்னுகிறவர்கள் பலரும் சொல்வார்கள். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். வியர்வை படிந்த துணி அதற்கு இன்னும் பிடிக்கும். துவைத்து, முழுக்க உலர்த்தி, காற்றுப்புகாத பையில் மூடி வைப்பதே காப்பு.

ஓட்டை விழுந்த பிறகு அடைப்பதைவிட, துணி மெலிந்து வெளிச்சம் தெரியும்போதே அடைப்பது எளிது. வழவழப்பான, உருண்டையான பொருள் ஒன்றை உள்ளே வைத்து, அதே நூலின் மிச்சத்தால் பழைய கண்ணிகளின் தடத்திலேயே ஊசியை ஓட்டினால் பழுது தெரியாது. இதற்காகவே ஒவ்வொரு ஜோடியிலும் மிஞ்சும் நூலைச் சீட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். பெருவிரல் முனை முழுவதும் போய்விட்டால், பழுதுக்கு மேலே நல்ல நிலையிலுள்ள ஒரு சுற்றின் 64 கண்ணிகளை ஊசியில் ஏற்றி, அதற்குக் கீழே கத்தரித்துத் தேய்ந்த பகுதியை நீக்கி, புதிய முனை பின்னலாம். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். மேலிருந்து கீழாகப் பின்னிய சாக்ஸில்தான் இது எளிதாக நடக்கும்.